ஒரே ஒரு ஸ்டார், ஒன்பது நாள்

வணக்கம் மக்களே! போன வீடியோல "ஒரு கணக்கு பாடாப் படுத்துது, முடிஞ்சதும் சொல்றேன்"னு சொன்னேன்ல? நேத்து ராத்திரி முடிஞ்சிருச்சு! ஒன்பது நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது என்னன்னு நினைக்கிறீங்க? ஒரு ஸ்டார். எழுத்தோட வலது தோள்ல உக்காந்திருக்குமே, அந்தச் சின்ன நட்சத்திரக் குறி.

இருங்க, முதல்லேர்ந்து வரேன். என் பிஎச்டி குவாண்டம் கணக்குல. ரெண்டு க்யூபிட்டுக்கு (குவாண்டம் பிட்டுக்கு) நடுவுல எவ்வளவு என்டேங்கிள்மென்ட், அதாவது பின்னிப்பிணைஞ்ச உறவு, இருக்குன்னு அளக்க, 1998-ல வூட்டர்ஸ்ங்கிற ஃபிசிக்ஸ்காரர் ஒரு ஃபார்முலா கொடுத்தார். கன்கரன்ஸ்னு பேரு. 0 வந்தா ஒட்டே இல்ல, 1 வந்தா முழுசா பின்னிக்கிடக்கு. அதுல க்யூபிட்டுகளோட நிலையைச் சொல்ற மேட்ரிக்ஸை (கிரேக்க எழுத்து ரோ-தான் அதுக்குப் பேரு) எடுத்து, தலையில ஸ்டார் போட்டு, ரெண்டு பக்கமும் சிக்மா ஒய் மேட்ரிக்ஸால பெருக்கணும்.

நான் ப்யூர் மேத்ஸ்லேர்ந்து வந்தவ, உங்களுக்கே தெரியும். எங்களுக்கு ஸ்டார்னா அட்ஜாயின்ட். அதாவது ட்ரான்ஸ்போஸும் பண்ணணும் (வரிசையை நிரலா மாத்துறது), காஞ்சுகேட்டும் எடுக்கணும் (ஐ-யை −ஐ ஆக்குறது; ஐ-ன்னா −1-ஓட வர்க்கமூலம்). ரோ ஹெர்மிஷியன், அதாவது அதோட அட்ஜாயின்ட் அதுவேதான். அப்போ ஸ்டாருக்கு வேலையே இல்லன்னு ப்ரோக்ராம் கோடுல அதை விட்டுட்டேன். ஆனா ஃபிசிக்ஸ்காரங்களுக்கு ஸ்டார்னா வெறும் காஞ்சுகேட்! அட்ஜாயின்ட்டுக்கு அவங்க டேகர்ங்கிற கத்திக் குறி (†) போடுவாங்க.

இதுல கொடுமை என்னன்னா, முழுசா பின்னிக்கிடக்குற பெல் நிலைகள் நாலுக்கும் சரியா 1 வந்துச்சு. ஏன்னா அதுல எல்லாமே ரியல் எண். காஞ்சுகேட் எடுத்தாலும் எடுக்காட்டியும் ஒண்ணுதான். ஆங், சொல்ல மறந்துட்டேன், மத்த நம்பர் தப்பா வர்றதைப் பார்த்து முதல் மூணு நாள் நான் ரவுண்டிங் பிழைன்னு நினைச்சு, ஃபார்முலாவுல வர்க்கமூலம் எடுக்குற வரியையே நோண்டிட்டு இருந்தேன்.

நேத்து கம்ப்யூட்டரை மூடிட்டு, நோட்டை எடுத்து கையால போட்டேன். இதோ பாருங்க, இந்தப் பக்கம்தான். ஒரு க்யூபிட்டுக்கு 1, ஐ. இன்னொண்ணுக்கும் அதே. சேர்த்தா நாலு எண்: 1, ஐ, ஐ, −1, எல்லாத்தையும் 2-ஆல வகுக்கணும். தனித்தனி க்யூபிட், ஒட்டு உறவே கிடையாது. என் கோடு இதுக்கு 1 கொடுக்குது! முழு என்டேங்கிள்மென்ட்டாம்! காஞ்சுகேட் எடுத்துத் திரும்பப் போட்டேன்: 1 − 1 − 1 + 1. பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைச் சுத்தி நான் போட்ட வட்டத்தைப் பாருங்க, பேப்பரே கிழிஞ்சிருச்சு.

எனக்கு இது ஏன் இவ்வளவு சந்தோஷம்னா, ஹெர்மிஷியன் மேட்ரிக்ஸை காஞ்சுகேட் எடுக்குறதும் ட்ரான்ஸ்போஸ் பண்றதும் ஒண்ணுதான். அந்த ட்ரான்ஸ்போஸ்தான் எங்க ஏரியாவோட உயிர்! ரெண்டுல ஒரு க்யூபிட்டுக்கு மட்டும் ட்ரான்ஸ்போஸ் பண்ணிப் பாருங்க. பெல் நிலைக்கு அந்த மேட்ரிக்ஸோட சிறப்பு எண்கள், அதாவது ஐகன்வேல்யூ, மூணு ½, ஒண்ணு −½. அந்த மைனஸ்தான் என்டேங்கிள்மென்ட்டைக் காட்டிக்கொடுக்குது. 1996-ல பெரஸும் ஹொரோடெக்கி குடும்பமும் கண்டுபிடிச்சது. ரெண்டு பக்கத்தோட பரிமாணம் 2-க்கு 2, 2-க்கு 3 வரைக்கும் இந்த ஒரு சோதனையே போதும், அதுக்கு மேல போதாது. நான் வேலையில்லன்னு தூக்கிப் போட்டது இதைத்தான்.

"ஃபிசிக்ஸ் படிக்காம இதுல பிஎச்டி சேரலாமா"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தாராளமா சேரலாம். லீனியர் அல்ஜீப்ராவும் ஃபங்ஷனல் அனாலிசிஸும் கையில இருக்கணும், அவ்வளவுதான். 1976-ல அலேன் கான்ங்கிற கணிதக்காரர் ஆபரேட்டர் அல்ஜீப்ராவுல கேட்ட கேள்விக்கு, 2020-ல அஞ்சு பேர் குவாண்டம் விளையாட்டுகள் வழியா "இல்ல"ன்னு பதில் சொன்னாங்க. இந்த மாதிரி ஒரு இடத்துல இருக்கணும்னுதான் நான் வந்ததே. அந்த ரிசல்ட்டோட பேர்லயும் ஒரு ஸ்டார் இருக்கு, எம்ஐபி ஸ்டார். எம்ஐபின்னா பல பேரைத் தனித்தனியா கேள்வி கேட்டு ஒரு விடையைச் சரிபார்க்குற முறை. அங்க ஸ்டாருக்கு அர்த்தம், பதில் சொல்றவங்க என்டேங்கிள்மென்ட்டைப் பகிர்ந்துக்கலாம்ங்கிறது! மூணாவது அர்த்தம்!

குறியீடு என்னன்னு முதல் பக்கத்துலயே சொல்லாத பேப்பர் எனக்கு அறவே பிடிக்காது. நான் என் தீசிஸ் ஃபைலைத் திறந்து முதல் வேலையா எழுதிட்டேன்: ஸ்டார்னா அட்ஜாயின்ட், காஞ்சுகேட்டுக்கு மேல்கோடு, டேகர் எங்கயும் வராது. இப்போ ஒன்பது நாள் டேபிளையும் திரும்ப ஓட்டணும். கோடு ஓடிட்டிருக்கு, நம்பர் வந்ததும் அடுத்த வீடியோல காட்டுறேன்.