கூடவே வரும் சட்டம்

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். மதச் சட்டமும் குடிபெயர்வும் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். தலைப்பைக் கேட்டதுமே பாதிப் பேர் ரேடியோவை அணைத்திருப்பீர்கள். மிச்சம் இருப்பவர்களை நம்பித் தொடங்குகிறேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு எல்லை என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. சோதனைச்சாவடியைத் தாண்டினால் பலகையில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். லாட்டரிச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். இந்தக் கேரளப் பக்கம் அது அரசாங்கமே நடத்தும் வியாபாரம். நாலு எட்டு கிழக்கே தமிழ்நாட்டுக்குள் வைத்தால் அதை விற்பவர் மேல் வழக்கு. அதாவது அந்தச் சட்டம் மண்ணோடு ஒட்டியது. ஆனால் கல்யாணம், தத்து, பாகப்பிரிவினை என்று வரும்போது கதை வேறு. அங்கே சட்டம் பெரும்பாலும் ஆளோடு ஒட்டியது. ஆள் போனால் அதுவும் கூடவே போகும். நான் படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஒன்றைத்தான்.

ஒரு இந்துக் குடும்பம் இந்தியாவுக்குள்ளேயே வேறு ஊருக்குக் குடிபோனால், தன் சட்டத்தையும் எடுத்துக்கொண்டே போயிருக்கிறது என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். ‘இல்லை, அவர்கள் வந்த ஊர் வழக்கத்துக்கு மாறிவிட்டார்கள்’ என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சியில் நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் காலத்து விதி இது. அதே பிரிவி கவுன்சில், முதல் உலகப் போர்ச் சமயத்தில், ஆப்பிரிக்காவின் மொம்பாசாவில் குடியேறிய, ஊரில் இந்து வாரிசு முறையையே வைத்திருந்த கட்ச் மேமன் முஸ்லிம்கள் விஷயத்தில் வேறு மாதிரி சொன்னது. கடல் கடந்து போய், தங்கள் மதத்தாருக்கு நடுவிலேயே குடியமர்ந்தவர்கள் அங்குள்ளவர்களின் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்றே கொள்ள வேண்டும் என்றது. ஆக, எங்கே போனோம் என்பதோடு யாரோடு போய்ச் சேர்ந்தோம் என்பதும் கணக்கில் வருகிறது.

சரி, மொம்பாசா வரை போவானேன். நம் சித்தூர் தாலுகாவுக்கு வாருங்கள். பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், ஆந்திரத்துச் சித்தூரை அல்ல. இங்கே தமிழ் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள். ஆனால் சொத்து விஷயத்தில் அவர்கள் கைவிடாமல் வைத்திருந்தது மிதாட்சரம், பழைய இந்துச் சட்டம். அதன்படி மகன் பிறக்கும்போதே பூர்வீகச் சொத்தில் பங்கோடு பிறக்கிறான். மதம் மாறினார்கள், ஆனால் பாகப்பிரிவினை முறை மாறவில்லை.

இவர்களில் ஒரு குடும்பத்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969-இல் தீர்ப்பானது. பெயர்களைச் சொல்லப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், எனக்கு எதற்கு வம்பு. அப்பன் வாங்கிய கடனுக்குக் குடும்பச் சொத்தில் மகனுடைய பங்கும் பொறுப்பா என்பதுதான் சண்டை. பழைய இந்துச் சட்டத்தில் இதற்கு ஒரு கடமை உண்டு. கடனோடு செத்த அப்பனுக்குக் கதி கிடையாது, மகன்தான் அதைத் தீர்த்துக் கரையேற்ற வேண்டும் என்ற நம்பிக்கையில் முளைத்த கடமை. இங்கேதான் விஷயம் ருசிக்கிறது. ‘அது இந்துக்களின் நரகம் ஐயா, நாங்கள் கிறிஸ்தவர்கள், அந்தக் கடமை எங்களை எப்படிக் கட்டும்?’ இதுதான் கேள்வி. யோசித்தால் நியாயமான கேள்வியாகத்தான் படும்.

நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடமை மதத்தில் பிறந்திருக்கலாம், ஆனால் எப்போதோ அது சட்டமாகிவிட்டது, பிறப்பால் வரும் உரிமைக்கு மறுபக்கம் அது என்றது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பங்கு வேண்டுமா, கடனையும் சேர்த்து எடு. வகுப்பில் இந்த வழக்கைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர், ‘அப்படியானால் இது எந்த மதத்தின் சட்டம் சார்?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் வருஷா வருஷம் அதை எடுத்தேன். (இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005 திருத்தம் வந்தபிறகு இந்துக்களுக்கே புதுக் கடன்களில் இந்தக் கடமை கிடையாது. அது வேறு கதை.)

வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் இதைத்தான் மல்லுக்கட்டிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 2005-இல் கனடாவின் ஒண்டாரியோவில், குடும்பத் தகராறுகளை மத முறைப்படி மத்தியஸ்தம் செய்வது கூடாது என்று முதல்வர் மெகின்டி அறிவித்தார். 2008-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் காண்டர்பரி ஆர்ச்பிஷப் ரோவன் வில்லியம்ஸ், ஷரியாவின் சில பகுதிகளுக்கு இங்கிலாந்தில் இடம் கொடுப்பது தவிர்க்க முடியாது போலிருக்கிறது என்று சொல்லப்போய் நாடே அமளிப்பட்டது. நேற்று விமானத்தில் வந்து இறங்கிய பிரச்சினை போலத்தான் அங்கே பேசுவார்கள். நம் தாலுகாவில் இது தாத்தா காலத்துச் சமாச்சாரம்.

தில்லையாடி வள்ளியம்மையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எதற்காகச் சிறை போனார் என்று கேட்டுப் பாருங்கள், காந்தியோடு போராடினார் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சீர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் ஆகாத கல்யாணம் அங்கே செல்லாது என்பது அதன் சாரம். தாலி கட்டி, தாய்தகப்பன் ஆசீர்வாதம் வாங்கிக் குடித்தனம் நடத்திய பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. தலைவரிக் கொடுமை ஏற்கெனவே இருந்தது. இதுவும் சேர்ந்ததும்தான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். வள்ளியம்மை கல்யாணமே ஆகாத சிறு பெண். சிறையில் நோய் கண்டு, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரியில் இறந்துபோனார். அந்த வருஷமே வந்த சட்டத்தில் ஒரு மனைவி அளவுக்கு அந்தக் கல்யாணங்கள் ஏற்கப்பட்டன.

இதற்கு நேர்மாறு மலேசியா. 1976-இல் அங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரே கல்யாணச் சட்டம் போட்டார்கள். யார் யாரைக் கட்டக்கூடாது என்ற பட்டியலில் ஒரு விலக்கு: இந்து ஆண் தன் அக்காள் மகளையோ தங்கை மகளையோ வழக்கப்படி கட்டிக்கொள்ளலாம். தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களின் தாய்மாமன் உரிமை அந்நிய நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆனால் இதே தாய்மாமன் கல்யாணத்தைப் பதிவு செய்ய ஒரு ஜோடியை நம் எல்லையிலேயே ஒரு ஆபீசுக்குக் கூட்டிப்போனபோது, படிவத்தைப் பார்த்த மலையாளி கிளார்க் பேனாவை மூடி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மருமக்கத்தாயத்தில், அதாவது கேரளத்துத் தாய்வழி முறையில், தாய்மாமன்தான் தறவாட்டுக் காரணவர், கூட்டுக் குடும்பத்தின் தலைவர், தகப்பன் ஸ்தானம். இந்து திருமணச் சட்டம் வழக்கம் இருந்தால் சரி என்கிறது. கடைசியில் பெண்ணின் பாட்டி முன்னால் வந்து, ‘நானும் என் மாமனைத்தான் கட்டினேன், எங்கம்மாவும் அப்படித்தான்’ என்றார். பேனா திறந்தது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். வழக்கம் என்ன என்று கேட்டால் அந்தப் பாட்டியைப் போன்றவர்களைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். பெரிய மனிதர்கள்தான் ஏறுவார்கள். அவர்கள் சொல்வதே குலவழக்கமாகிவிடும். திருவாங்கூர்ச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்து மேரி ராய் அதற்கு எதிராகத்தான் போனார். 1916 திருவாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே ரத்தாகிவிட்டது, மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. இந்துக்களுக்கு வந்தால், தமிழ்நாடு 1989-இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. கேரளம் அதற்கு முன்பே, 1975 சட்டத்தால், யாருக்குமே பிறப்புரிமை வேண்டாம் என்று எடுத்துவிட்டது. இதை விரிக்க நேரமில்லை.

ஒன்று மட்டும், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்பது இந்து திருமணச் சட்டத்தில் 1967-இல் தமிழ்நாடு செய்த திருத்தம். கேரளத்தில் அது கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் மண்டபம் பிடித்து அப்படிச் செய்ய நினைப்பவர்கள், 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். இருவரில் ஒருவராவது நோட்டீசுக்கு முந்தைய முப்பது நாளாவது அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். வணக்கம்.