பின்னணி இசை இல்லாத வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

செழியன் எழுதி இயக்கிய 'டு லெட்' படத்தில் பின்னணி இசையே கிடையாது. துக்கம் வந்தால் வயலின் வராது, கோபம் வந்தால் டிரம்ஸ் வராது. 'படம் ஸ்லோ' என்று பாதியில் எழுந்து போகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இசை சொல்லித்தான் அழவும் சிரிக்கவும் நமக்குப் பழக்கம். இந்தப் படத்துக்குக் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

கதை சின்னது. 2007ஆம் ஆண்டு, சென்னை. ஐ.டி. சம்பளம் வாடகையை ஏற்றிவிட்ட நேரம். சினிமாவில் வாய்ப்புத் தேடும் இளங்கோவையும் மனைவி அமுதாவையும் அவர்களின் சின்னப் பையனையும் ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுகிறார். டூ வீலரில் வீடு தேடி அலைகிறார்கள். அவ்வளவுதான்.

இப்படி ஒரு கதையைப் படமாக்குவதில் முதல் தலைவலி இடம். பத்துக்குப் பத்து அறைக்குள் 50 எம்.எம். லென்ஸைப் போட்டால் ஆள் இடுப்புக்கு மேல்தான் தெரிவார்; பின்னால் நகரலாம் என்றால் முதுகில் சுவர் இடிக்கும். அகலமாகக் காட்டும் 24 எம்.எம். போட்டால் அறை முழுக்க வந்துவிடும். ஆனால் ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுத் தெரிவார், அறையும் ஹால் மாதிரி விரிந்துவிடும். வாடகை வீட்டுக் கதையில் அதைவிடப் பெரிய பொய் வேறு இல்லை. அதனால்தான் இவ்வகைப் படங்களில் கேமரா அடிக்கடி வாசலுக்கு வெளியே போய் நிற்கிறது, கதவு நிலையும் ஃபிரேமுக்குள் வந்துவிடுகிறது. அதில் அழகு பாதி, இடநெருக்கடி பாதி.

இதைவிடப் பெரிய தலைவலி சீலிங் ஃபேன். ஒரே உரையாடலை இரண்டு ஷாட்டாக வெட்டி ஒட்டும்போது, ஃபேனின் 'டக் டக்' தாளம் வெட்டின இடத்தில் தப்பிவிடும். ஆகவே வசனம் பதியும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். நடிப்பவர்கள் வியர்த்துக்கொண்டே பேசுவார்கள். ஃபேன் சத்தத்தைத் தனியாகப் பதிந்து பிறகு அடியில் ஓடவிடுவது வழக்கம். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் குறைந்தது 30 நொடி வெற்று அறையையும் பதிவார்கள். ரூம் டோன் என்று பெயர். படப்பிடிப்பை முடித்துக் கிளம்பும் அவசரத்தில் இதை மறந்தால், வசனத்துக்கு வசனம் நடுவே சத்தம் அறுந்து, கரண்ட் போனது போல இருக்கும். இசை உள்ள படத்தில் அந்த ஓட்டையை இசையால் அடைத்துவிடலாம். இங்கே அடைக்க எதுவும் இல்லை. ஒலிக்குத் தபஸ் நாயக், படத்தொகுப்புக்கு ஸ்ரீகர் பிரசாத் என்று அனுபவசாலிகள் இருந்ததற்குக் காரணம் புரிகிறதல்லவா?

இசையின் துணை இல்லாமல் ஒலி மட்டும் இப்படித் தனியாக நிற்பதால்தான் படத்தில் ஒரு கேட் திறந்தாலே நமக்குத் திக்கென்கிறது. வாடகைக்கு இருப்பவர் காது எப்போதும் வாசலில்தான் இருக்கும். அதை எந்த வசனமும் இவ்வளவு சரியாகச் சொல்லிவிட முடியாது.

65ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் இது. 2019 பிப்ரவரி 21 அன்று திரைக்கு வந்தது. மறுநாளே தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது தற்செயல்தான். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது சினிமா வசனம் போலக் கேட்டால் தப்பில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. செல்போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் அதில் ஏறாது, தூரத்து லாரியின் உறுமல் அப்படியே காணாமல் போய்விடும். சாதாரண இயர்போன் போதும். வேகத்தைக் கூட்டி ஓட்டினால் மௌனமெல்லாம் சுருங்கி, மிஞ்சுவது வெறும் வீடு தேடல்தான். முடிந்தால் உங்கள் வீட்டு ஃபேனையும் நிறுத்திவையுங்கள். சித்திரை வெயில் என்றால் இரண்டில் வையுங்கள். இல்லாவிட்டால் சுற்றுவது படத்து ஃபேனா, உங்கள் ஃபேனா என்று தெரியாது.

வணக்கம்.