கதவு தெரியாத கடை

நேயர்களுக்கு வணக்கம்.

ஓவியம் பற்றி வானொலியில் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது தயங்காமல் ஒப்புக்கொண்டேன். படத்தைக் காட்டாமல் வாயால் சொல்லியே காட்டுவது எனக்குப் பழக்கமான வேலை. நெடுங்காலம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தேன். ஆனால் இந்தப் பழக்கம் வந்தது வீட்டில்தான். என் தாயாருக்கு எண்பது வயதைத் தாண்டியபின் கண் அழுத்த நோயால் பார்வை முழுவதும் போய்விட்டது. மாலையில் விளக்கு வைத்தபின் அவர் அருகில் உட்கார்ந்து, என்னிடம் இருந்த ஓவிய நூல்களைப் பக்கம் பக்கமாகச் சொல்வேன். அவர் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளால் நான் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஓர் ஓவியத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1942 ஜனவரியில் வரைந்து முடித்த 'நைட்ஹாக்ஸ்'. இரவில் விழித்திருப்பவர்கள், இரவாடிகள் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அகலம் 152 சென்டிமீட்டர், உயரம் 84. சிகாகோ கலைக்கூடம் அதே ஆண்டில் அதை 3,000 டாலருக்கு வாங்கியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நள்ளிரவு தாண்டிய நியூயார்க் நகரத் தெருமுனை. ஆள் நடமாட்டம் இல்லை. எதிர்ச்சாரியில் செங்கல் கட்டடம், கீழே மூடிய கடைகள். அவற்றுள் ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் கல்லாப் பெட்டி மட்டும் தெரிகிறது. வலப்பக்கம், தெருமுனையில் கப்பலின் முகப்பைப் போல முன்னே நீண்டு நிற்கிறது ஓர் உணவுக்கடை. சுற்றிலும் பெரிய கண்ணாடி. கண்ணாடியின் கீழே பச்சை நிறப் பட்டை. கடையின் நெற்றியில் ஐந்து காசுச் சுருட்டுக்கு விளம்பரப் பலகை. உள்ளே வெளிச்சம், கண் கூசுகிற வெளிச்சம். அது கண்ணாடியைத் தாண்டி நடைபாதையில் வெளிறிய பச்சையாய் வழிகிறது.

உள்ளே நான்கு பேர். நீண்ட மேடைக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் குல்லாயும் அணிந்த பையன் குனிந்து வேலை செய்துகொண்டே தலையை நிமிர்த்துகிறான். அவனுக்கு எதிரே தொப்பி வைத்த ஒருவர், கையில் சிகரெட். அவர் பக்கத்தில் சிவப்புச் சட்டை அணிந்த பெண். மேடையின் மறுபுறம், நமக்கு முதுகைக் காட்டியபடி இன்னொரு மனிதர் தனியாக. இடையில் காலியான இருக்கைகள். மேடைமேல் உப்புக் குப்பிகள், காப்பிக் கோப்பைகள். ஓரத்தில் பளபளக்கும் இரண்டு பெரிய காப்பிப் பாத்திரங்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இவர்கள் எந்த வழியாக உள்ளே போனார்கள்? நீ கதவைச் சொல்லவே இல்லையே."

தேடினேன். தெருவிலிருந்து உள்ளே போகும் கதவு இந்தப் படத்தில் இல்லை. மஞ்சளாக ஒரு கதவு தெரிகிறது, ஆனால் அது சமையலறைக்குப் போவது. இது தனிமையின் படம் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதவின்மையைச் சுட்டிக்காட்டுவார்கள். கண்ணாடிக் கூண்டு, வெளியேற வழியில்லை, ஒருவர் கண் ஒருவரைப் பார்ப்பதில்லை என்பார்கள். அந்த ஆணின் கையும் பெண்ணின் கையும் மேடைமேல் அருகருகே இருந்தும் தொட்டுக்கொள்ளவில்லை என்பார்கள். எல்லாம் உண்மை. நானும் மாணவர்களுக்கு அப்படித்தான் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அது பாதி உண்மை என்று நினைக்கிறேன்.

ஹாப்பரிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சியைத் தான் அப்படி ஒன்றும் தனிமையானதாகப் பார்க்கவில்லை என்றார். இரண்டு தெருக்கள் கூடும் இடத்தில் இருந்த ஓர் உணவுக்கடை தந்த யோசனை அது, தான் அதை எளிமையாக்கி, கடையைப் பெரிதாக்கிக்கொண்டதாகச் சொன்னார். பிறகு, தன்னை அறியாமலேயே ஒரு பெருநகரத்தின் தனிமையை வரைந்திருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தப் பதிலின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முன்பாதியை நாம் கைவிட்டுவிட்டோம்.

அம்மாவின் இரண்டாவது கேள்வி என்னை இன்னும் ஆழமாகத் தைத்தது. எந்த வருடத்துப் படம் என்று கேட்டார். 1942 என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வருடத்தில் எப்படி இவ்வளவு விளக்குப் போட விட்டார்கள்?" என்றார். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. மதராஸில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயம். விளக்கைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, அதன் கீழே வட்டமாக விழும் வெளிச்சத்தில் சாப்பிட்டார்களாம். ஏப்ரலில் ஊரே காலியானபோது, அவர் குடும்பமும் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விட்டது.

நியூயார்க்கிலும் அந்தக் குளிர்காலம் பயத்தில்தான் கழிந்தது. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. அதை ஒட்டிய வாரங்களில்தான் ஹாப்பர் இந்தப் படத்தை வரைந்தார். ஏறக்குறைய ஒன்றரை மாத வேலை. வாஷிங்டன் சதுக்கத்தில், மேல்மாடியில், கூரையில் கண்ணாடி பதித்த அறையில் அவரும் மனைவி ஜோவும் குடியிருந்தார்கள். குண்டு விழுந்தால் முதலில் நொறுங்குவது தலைக்கு மேல் இருந்த கண்ணாடிதான். ஜோ ஒரு பையில் துண்டு, சாவி, சோப்பு, காசோலைப் புத்தகம், மாற்றுத்துணி எல்லாவற்றையும் எடுத்துத் தயாராக வைத்திருந்தார். கணவரோ அவரைக் கேலி செய்தாராம். புதுப் படம் வரைந்துகொண்டிருக்கிறார், இடையூறு செய்யக் கூடாது என்று ஜோ கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இதைப் போர்ப் படம் என்று நான் வலிந்து சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவின் கேள்விக்குப் பிறகு அந்த வெளிச்சத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். ஊர் முழுவதும் விளக்கை அணைத்துக்கொண்டு ஒடுங்க வேண்டிய காலத்தில், ஒருவர் தெருமுனையில் ஒரு கடையைத் திறந்து வைத்திருக்கிறார். அதில் காப்பி சூடாக இருக்கிறது. ஒரு பையன் தூங்காமல் நிற்கிறான்.

தமிழில் நாம் "துணைக்குப் படுத்துக்கொள்" என்கிறோம். சிறுவனாக இருந்தபோது, பக்கத்து வீட்டு மாமா ஆலையில் இரவு வேலைக்குப் போகும் நாட்களில், அத்தைக்குத் துணையாக என்னை அனுப்புவார்கள். நான் போய்ப் பாயை விரித்துத் தூங்கிவிடுவேன். அத்தையோடு நாலு வார்த்தை பேசியதாக நினைவில்லை. பத்து வயதுப் பையனால் திருடனை என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் அது துணைதான். அந்த வீட்டில் இன்னொரு மூச்சு இருந்தது, அது போதுமாக இருந்தது. பேச்சுத்துணை என்பது வேறு, அதற்குத் தனியாகப் பெயரே வைத்திருக்கிறோம். ஹாப்பர் படத்தில் இல்லாதது பேச்சுத்துணை. துணை இருக்கிறது. முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். போகவில்லை. மூன்று பேர் விழித்திருக்கும் இடமாகப் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அந்தப் பெண் யார்?" இது அம்மாவின் மூன்றாவது கேள்வி.

அந்தப் பெண் ஜோ. முழுப்பெயர் ஜோசஃபின் நிவிசன், அவரும் ஓவியர். 1924இல் திருமணம். அதற்கு முந்திய ஆண்டு, புரூக்ளின் அருங்காட்சியகக் கண்காட்சிக்கு ஹாப்பரின் நீர்வண்ணப் படங்களைப் பரிந்துரைத்தவரே அவர்தான். அருங்காட்சியகம் அவற்றுள் ஒன்றை 100 டாலருக்கு வாங்கியது. அங்கேதான் ஹாப்பருக்குத் திருப்பம். இருவரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தார்கள். கசப்பும் சண்டையும் நிறைந்த வாழ்க்கை. தன் படங்களைக் கணவர் பொருட்படுத்தவில்லை என்ற மனக்குறை ஜோவுக்குக் கடைசிவரை இருந்தது. அது நியாயமான குறை என்பதை நான் அழுத்தமாகச் சொல்வேன். எட்டியோடு, அதாவது எட்வர்டோடு, பேசுவது சில வேளைகளில் கிணற்றில் கல்லைப் போடுவது போல, ஆனால் கல் அடியில் விழும் சத்தம்கூடக் கேட்காது என்றார் ஜோ. அப்படிப்பட்ட மௌனி ஹாப்பர்.

இந்தப் படத்துக்கு மாதிரியாக நிற்க வெளியிலிருந்து ஆள் வரவில்லை. பெண்ணுக்கு ஜோ நின்றார். ஆண்கள் இருவருக்கும் ஹாப்பர் கண்ணாடி முன் தானே நின்று தன்னைப் பார்த்து வரைந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான், தள்ளி முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். இதைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தார்" என்றார். என் தந்தையைச் சொன்னார்.

1966இல் ஹாப்பர் வரைந்த கடைசிப் படத்தில் இரண்டு கோமாளிகள் மேடையின் விளிம்பில் கைகோத்து நின்று சபைக்கு விடைசொல்கிறார்கள். அவரும் ஜோவும்தான். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் இறந்தார். ஒரு வருடத்துக்குள் ஜோவும் போய்விட்டார்.

கணவர் முடித்த ஒவ்வொரு படத்தையும் ஒரு கணக்குப் புத்தகத்தில் குறித்துவைப்பது ஜோவின் வழக்கம். இந்தப் படத்துக்கான குறிப்பை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். செர்ரி மர மேடை. பச்சை ஓடுகளின் பளிச்சென்ற கோடு. வெள்ளை உடையில் மிக அழகான பையன். சிவப்புச் சட்டைப் பெண், சாண்ட்விச் சாப்பிடுகிறாள். இரவாடி மனிதர், பருந்து மூக்கு, கறுத்த உடை, சாம்பல் நிறத் தொப்பி, நீலச் சட்டை. சட்டையைச் சொன்ன இடத்தில் ஜோ அடைப்புக்குறி போட்டு, 'சுத்தமானது' என்று எழுதியிருக்கிறார்.

"சுத்தமானது என்றா எழுதியிருக்கிறாள்?" என்று கேட்டார் அம்மா.

"ஆமாம்."

"அந்த ஆளுக்கு மாதிரியாக நின்றது யார் என்று சொன்னாய்?"

மறுபடி சொன்னேன்.

"அதுதானே" என்றார்.

வணக்கம்.