இறுவட்டுக்கு இரண்டு சாட்சி

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு, சைக்கிள் டைனமோவில் கசட் கேட்ட கதையை நான் சொல்லத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, சுற்றியிருந்து மற்றவர்கள் பாட்டுக் கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பாட்டு இழுபடும், பாடகியின் குரல் பாடகனின் குரலாகிவிடும். பிழை நடந்தால் அந்தக் கணமே காதுக்குத் தெரிந்துவிடும். இறுவட்டு அப்படியில்லை. சீடி என்று நாம் சொல்கிற அந்த வட்டு தன் பிழையை மூடிவைக்கும். இன்றைக்கு நான் கதைக்க வந்தது அதைப் பற்றித்தான்.

என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று. “பழைய சீடிகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். லப்டொப்பில் கொழுவுகிற மெல்லிய டிரைவ் போதுமா, அல்லது பழைய பெரிய கணினிக்குள் இருக்கிற டிரைவ்தான் வேண்டுமா?” பதில் சொல்வதற்கு முதல் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு தவில் வித்துவான் இருந்தார். எண்பது வயது தாண்டியவர், வாசிப்பை விட்டுக் கனகாலம். எண்பதுகளில் ஒரு கோயில் திருவிழாவில் அவர் தனியாக வாசித்த தனி ஆவர்த்தனத்தை யாரோ கசட்டில் பதிந்திருக்கிறார்கள். அந்தக் கசட் கனடாவுக்குப் போய், அங்கே மருமகன் ஒருவர் அதை இறுவட்டில் எழுதி, அது திரும்ப ஊருக்கு வந்து சேர்ந்தது. நான் அதை என்னுடைய மெல்லிய யூஎஸ்பி டிரைவில் போட்டுக் கணினியில் ஏற்றி, பெருமையோடு ஐயாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், ஓரிடத்தில் கையை உயர்த்தினார்.

“தம்பி, நிப்பாட்டு. இதில ஒரு சொட்டு விழுது. அது கம்பும் இல்லை, கூடும் இல்லை. அது என்ர கை இல்லை.”

தவிலில் இடக்கையில் கம்பு, வலக்கை விரல்களில் கூடு. இரண்டும் இல்லாத சத்தம் எங்கிருந்து வந்தது? நான் மூன்று தரம் கேட்டும் பிடிபடாத ஒரு சின்ன ‘டிக்’. கணினி ஒரு பிழையும் சொல்லவில்லை. எல்லாம் சரி என்றுதான் திரையில் இருந்தது.

காரணம் இதுதான். கணக்கு, கடிதம் எழுதிவைக்கிற இறுவட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் 2,352 பைட் இடம் உண்டு. அதில் 2,048 பைட்தான் உங்கள் விடயம். மிச்சத்தில் பெரும்பகுதி பிழை பார்க்கவும் திருத்தவும். பாட்டு இறுவட்டில் 2,352 முழுவதும் பாட்டுத்தான். அங்கும் அடிப்படையான ஒரு பிழைதிருத்தம் இருக்கிறது, சின்னக் கீறல்களை அது சமாளிக்கும். அதற்கும் மிஞ்சினால் டிரைவ் முன்னும் பின்னும் பார்த்து, இடையில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பிவிடும். நிரப்பினேன் என்று சொல்லவும் மாட்டாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வெளியே, உள்ளே என்பதில் ஒன்றுமில்லை. உள்ளே இருக்கிற பெரிய டிரைவைக் கழற்றி யூஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டால் அதுவும் ‘வெளி டிரைவ்’தான், வட்டை வாசிக்கிற கண் அதே கண். வித்தியாசம் மெல்லியதற்கும் பெரியதற்கும் இடையில். மெல்லியது யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுக்கிறது. பழைய யூஎஸ்பி துளை 500 மில்லிஅம்பியர்தான் தரும், வட்டைச் சுழற்றித் தொடங்கும்போது டிரைவ் அதைவிடக் கூடக் கேட்கும். பின்னேரம் வோல்டேஜ் இறங்கும்போது கிணற்று மோட்டர் உறுமிக்கொண்டு நிற்குமே, அந்த நிலைதான். அதனால்தான் சில டிரைவ்களுக்கு இரட்டைக் கால் வயர் தருகிறார்கள். இரண்டு காலையும் கொழுவுங்கள், ஒன்றைச் சும்மா தொங்க விடாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து சாரத் தலைப்பால் சீடியை வட்டமாகத் துடைக்காதீர்கள்! எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன். நடுவிலிருந்து வெளியே, நேர் கோடாக, மெல்லிய துணியால். வட்டமாகத் துடைத்து விழுகிற கீறல் பாட்டு ஓடுகிற தடத்தோடு கூடவே ஓடும், அதைத் திருத்துவது கஷ்டம். அடிப்பக்கக் கீறலை ஓரளவு தேய்த்து எடுக்கலாம். பெயர் எழுதுகிற மேல்பக்கம் அப்படியில்லை. பதிவு இருப்பது அந்தப் பக்கத்துக்கு மிகக் கிட்ட, மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான். ஊசிப்பேனையால் பெயர் எழுதினவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஐயாவின் சீடிக்கு வருவோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு திருத்துகடையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய பெரிய கணினியில் அதைப் போட்டேன். எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்றொரு மென்பொருள் இருக்கிறது, வீட்டுப் பாவனைக்கு இலவசம். அது சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். டிரைவ் தன் நினைவில் வைத்திருப்பதையே இரண்டாம் தரமும் ஒப்புவித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளும். ஒரே சாட்சி ஒரே பொய்யை இரண்டு தரம் சொன்னால் அது இரண்டு சாட்சியா? அந்த ஓரிடத்தில் நாற்பது நிமிடம் நின்றது. நான் இரண்டு தேத்தண்ணி குடித்தேன். முடிவில் ‘டிக்’ இல்லை.

கடைகளில் விற்ற இறுவட்டென்றால், உலகத்தில் வேறு ஆட்கள் எடுத்த பிரதிகளோடு ஒப்பிட அக்யூரேட்ரிப் என்கிற தரவுத்தளம் இருக்கிறது. எங்கள் கோயில் மேளத்துக்கு அதில் சாட்சி இல்லை. ஆகவே நாமே இரண்டு வெவ்வேறு டிரைவில் எடுத்து ஒப்பிட வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி கை காட்டுகிறார். ஓஃப்செட் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ஒவ்வொரு மொடல் டிரைவும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வாசிக்கத் தொடங்கும். நொடிக்கு 44,100 ஒலித் துணுக்குகள் (சாம்பிள்) ஓடுகிற இடத்தில் சில நூறு துணுக்கு பிசகினால் காதுக்குத் தெரியாது, ஒப்பிடும்போது மட்டும் இடிக்கும். மென்பொருளில் அந்த எண்ணைச் சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள். எம்பீ3 வேண்டாம், ஒலியில் ஒன்றும் இழக்காமல் சுருக்கி வைக்கிற ஃபிளாக் வடிவத்தில் வையுங்கள். வீட்டில் எழுதின சீடி வெயிலில் கெடும், அலுமாரிக்குள்...

சரி, சரி, முடித்துவிட்டேன் தம்பி. வணக்கம்.