மேல்முறையீட்டில் தண்டனை கூடும்போது

நேயர்களுக்கு வணக்கம். விசாரணை நீதிமன்றம் விதித்த தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் உயர்த்தியது என்ற செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். குற்றத்தின் கொடுமையைக் கண்டு கொதித்த நீதிபதிகள் ஆண்டுகளைக் கூட்டிவிட்டார்கள் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், தண்டனையைக் குறைப்பதைவிடக் கூட்டுவதற்கு இந்தியச் சட்டம் மிகவும் இடுக்கமான வழியையே வைத்திருக்கிறது.

ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாளியின் பெட்டகத்தில் இருந்த பணத்தை அவரிடம் வேலை பார்க்கும் எழுத்தர் திருடுகிறார். பழி இரவுக் காவலர்மீது விழட்டும் என்று பெட்டகச் சாவியை அவருடைய அறையில் போட்டுவிடுகிறார். முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அவருக்கு 1 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கிறார். அது போதாது என்று அரசுத் தரப்பு அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்கிறது.

உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்தவர் என்பதுதான் அங்கே முதலில் எழும் வாதம். கேட்க வலுவாக இருக்கும். ஆனால் அந்த வாதத்தை ஏற்று நீதிமன்றம் தண்டனையைக் கூட்டக் கூடாது என்பேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரைதான் சிறை. எழுத்தரோ வேலையாளோ முதலாளியின் பொருளைத் திருடினால் அது 7 ஆண்டுகள் வரை நீள்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இதே அளவுதான். நம்பிக்கைத் துரோகத்தைச் சட்டமே எடைபோட்டுத்தான் அந்த உச்ச வரம்பை உயர்த்தியிருக்கிறது. அதையே மறுபடியும் கடுமையாக்கும் காரணமாகக் காட்டினால், ஒரே தவறுக்கு இருமுறை தண்டித்ததாகிவிடும்.

சாவி விஷயம் அப்படியல்ல. திருட்டு என்ற குற்றத்துக்குள் அது அடங்கவில்லை. குற்றமற்ற ஒருவரைச் சந்தேகத்தில் தள்ளியது தனிக் கொடுமை. சாவியை வைத்தவர் எழுத்தரே என்பது சாட்சியத்தில் வந்து, குறுக்கு விசாரணையையும் தாண்டி நின்று, நடுவர் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தால், மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிடுவது நியாயம். அப்போதும், நானாக இருந்தால் 2 ஆண்டுகள் கொடுத்திருப்பேன் என்று ஒரு நீதிபதி நினைப்பது மட்டும் போதாது. விதிக்கப்பட்ட தண்டனை தெளிவாகவே குறைவானது என்று காரணங்களோடு எழுத வேண்டும். முதல் குற்றம், இளம் வயது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது போன்ற தணிக்கும் சூழ்நிலைகளும் அதே தராசில் ஏற வேண்டும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை மரண தண்டனை பற்றிய 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம், முதலில் தண்டித்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை மிஞ்ச முடியாது. முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டுகளுக்கு மேல் சிறை விதிக்க இயலாது என்பதால், இந்தக் குற்றத்துக்குச் சட்டம் 7 ஆண்டுகள் என்று சொன்னாலும், நம் எழுத்தரின் தண்டனையை 3 ஆண்டுகளுக்கு மேல் உயர்த்த முடியாது. தண்டிக்கப்பட்டவர் மட்டுமே மேல்முறையீடு செய்திருந்தால், அந்த மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டவே முடியாது. அரசு கேட்டு வந்தாலும், ஏன் கூட்டக் கூடாது என்று சொல்ல அவருக்கு வாய்ப்பளித்தாக வேண்டும். அந்த வாய்ப்பில் தண்டனையைக் குறைக்கவோ, ஏன், தம்மை விடுதலை செய்யவோகூட அவர் வாதாடலாம். தண்டனையைக் கூட்டக் கேட்டுப் போன வழக்கு விடுதலையில் முடியக்கூடும் என்பதால், அரசு வழக்கறிஞர்களும் தீர யோசித்தே அங்கே போக வேண்டியிருக்கிறது.

இந்தக் காப்புகள் எல்லாம் சரியானவை என்றே நம்புகிறேன். என்னை உறுத்துவது வேறொன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்த 2009ஆம் ஆண்டுத் திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை தந்தது. விடுதலையை எதிர்த்தோ, குறைந்த குற்றத்தின்கீழ் தண்டித்ததை எதிர்த்தோ, இழப்பீடு போதாதென்றோ அவர் முறையிடலாம். தண்டனை போதாது என்று முறையிட அவருக்கு உரிமை இல்லை. அரசு மனம் வைத்தால்தான் உண்டு. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பும் அதிகாரம் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடமே இருந்தாலும், குறிப்பிட்ட சில குற்றங்களில் தண்டனை மிகவும் குறைவு என்று பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி, வழக்கோடு தொடர்பில்லாதவரும் அவரிடம் விண்ணப்பிக்கலாம். இங்கே பாதிக்கப்பட்டவருக்கு நேரடி உரிமை தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தண்டனை தனிப்பட்ட பகை தீர்க்கும் கருவியாகிவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் எழுத்தில் கோரிய பிறகும் அரசு மேல்முறையீடு செய்ய மறுத்தால், கால வரம்பு முடியும் முன்பே அதற்கான காரணத்தை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.