மாடிக்கு எத்தனை படி?

நேயர்களுக்கு வணக்கம். கணினி பொருத்திய பெரிய தொலைநோக்கி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம் வாங்கலாம்?" பதிலுக்கு நான் கேட்பது, "உங்கள் மொட்டை மாடிக்கு எத்தனை படி?"

அங்குலக் கணக்கு, ஒளியைத் திரட்டும் ஆடியின் விட்டம். 8 அங்குலத்தைவிட 11 அங்குலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஒளியைச் சேர்க்கும். ஆசைப்படாமல் இருக்க முடியுமா? நானும் 11 அங்குலம்தான் வாங்கினேன். குழாயும் அதைத் தாங்கும் கவையும் ஒரே துண்டு, 29 கிலோ. வீட்டுக்கு வரும் நிறைந்த கேஸ் சிலிண்டரின் எடை. அதைக் கண்ணாடியோடு இரண்டு மாடி ஏற்ற வேண்டும். தம்பி ஊருக்கு வரும்போது மட்டும் அது மாடி ஏறியது. வானம் துடைத்துவிட்டது போல இருந்த எத்தனையோ இரவுகளில் போர்வைக்குள்ளேயே இருந்தது. அதை விற்றபோது மனசு கனத்தது உண்மை.

இப்போது வைத்திருப்பது செலஸ்ட்ரான் நெக்ஸ்டார் 8எஸ்இ. மொத்தமே 15 கிலோ. குழாயைக் கழற்றினால் 6 கிலோகூட இல்லை. தனியாளாக இரண்டு நடையில் மேலே கொண்டுபோய்விடுவேன். வாரத்தில் மூன்று நாள் வானம் பார்க்கிறேன்.

கணினி இருக்கிறதே, அதுவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். இடம், நேரம், தேதி கொடுத்து, இரண்டு நட்சத்திரங்களை அதற்குக் காட்ட வேண்டும். அப்போதுதான் வானத்தில் எது எங்கே என்று அதற்குப் புரியும். தேதியில் மாதம் முன்னால், நாள் பின்னால் வரும். ஏப்ரல் 5 என்று நினைத்து 05/04 என்று அடித்தால் அது மே 4 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் பிசகினால் வானத்தில் 30 பாகை பிசகும். இரண்டாவது நட்சத்திரத்தைத் தேடி வெற்றிடத்தைப் பார்த்து நிற்கும். நட்சத்திரப் பெயர்களுக்குப் பயப்பட வேண்டாம். ஆர்க்டரஸ் நம் சுவாதி, ஸ்பைகா நம் சித்திரை. ஜாதகத்தில் தெரிந்த பெயர்களை வானத்திலும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் தாங்கிகளும் கடையில் காட்டுவார்கள். நீண்ட நேரம் படம் எடுக்க அவை நல்லவை. ஆனால் சென்னையில் துருவ நட்சத்திரம் 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும் அதை மறைக்க. கண்ணால் பார்க்கத்தான் என்றால் நேராக நிற்கும் கவைத் தாங்கியே வாங்குங்கள்.

அப்புறம் பனி. மார்கழியில் முகப்புக் கண்ணாடி சீக்கிரமே மங்கிவிடும். துணியால் துடைக்காதீர்கள், பூச்சு போய்விடும். பழைய யோகா பாயைக் குழாயின் வாயைச் சுற்றி ஒரு முழம் நீட்டிக் கட்டினாலே வெகுநேரம் தாங்கும். 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சின்ன பேட்டரிகள் பாதி இரவில் கைவிடும்.

நாம் இருக்கும் இடம் நமக்குக் கொடுப்பினை. வட வானமும் தென் வானமும் இங்கிருந்து தெரியும். வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகம் அமைக்க ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். 1968-இல் அங்கே வானத்தைப் பார்க்கத் தொடங்கியது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 15 அங்குலம்தான் அது.

சென்ற மே மாதம் அதே மலைப்பக்கம் 8 அங்குலத்தைக் காரின் பின்சீட்டில் வைத்துப் போனோம். இரவு பத்து மணி. தெற்கே 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து இருந்தது. லண்டனில் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. பொத்தானை அழுத்தியதும் கருவி மெல்ல முனகிக்கொண்டு திரும்பி நின்றது. அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "கறுப்புச் சேலையில ரவையைச் சிந்தின மாதிரி இருக்குடா" என்றார். அந்த ரவைக்குள் ஒரு கோடி நட்சத்திரங்கள் என்றேன். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை.