காணிக்கையை வைத்துவிட்டுப் போ

அன்புக்குரியவர்களே,

மலைப்பிரசங்கத்தில் ஒரு வசனத்தை நாம் பெரும்பாலும் தலைகீழாக வாசித்துவிடுகிறோம். “நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்” என்கிறார் இயேசு (மத்தேயு 5:23). அவன்பேரில் எனக்குள்ள குறையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நம்மை நோகடித்தவர்களின் பட்டியல் நமக்கு மனப்பாடம். நம்மால் நொந்தவர்களைத்தான் நினைவுகூர வேண்டியிருக்கிறது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் வடக்கே கலிலேயாவைச் சேர்ந்தவர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். கால்நடையாகப் பல நாள் வழி. ஆட்டை ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தவனிடம், அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போ என்கிறார். ஆட்டை யார் பார்த்துக்கொள்வது? ஆசாரியன் என்ன நினைப்பான்? அந்தக் கவலையெல்லாம் அவருக்கு இல்லை. கேட்டவர்களில் சிலர் சிரித்திருப்பார்கள் என்றுகூட எனக்குத் தோன்றும். ஆனாலும் முன்பு சகோதரன், பின்புதான் காணிக்கை.

“கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அது போதும்” என்று சொல்வது எவ்வளவு சௌகரியம்! மோசேயின் சட்டம் அப்படி விடவில்லை. குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட வேண்டும். முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, பாதிக்கப்பட்டவனுக்கே கொடுக்க வேண்டும் (எண்ணாகமம் 5:7). வரி வசூலிப்பவனான சகேயு அதையும் தாண்டி, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். பணமென்றால் எண்ணிக் கொடுத்துவிடலாம். ஒருவருடைய பெயரைக் கெடுத்திருந்தால்? எந்தக் காதுகளில் அவதூறை ஓதினோமோ, அதே காதுகளைத் தேடிப்போய் “நான் சொன்னது பொய்” என்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்பதைவிட அது கடினம்.

யாக்கோபைப் பாருங்கள். தகப்பனை ஏமாற்றி அண்ணன் ஏசாவின் ஆசீர்வாதத்தைப் பறித்து ஓடியவன், 20 வருடம் கழித்துத் திரும்புகிறான். ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 கால்நடைகளை மந்தை மந்தையாக அண்ணனுக்கு முன்னே அனுப்புகிறான். எனக்கு அதில் லஞ்சத்தின் வாடை அடிக்கிறது. ஆனால் மறுநாள் மந்தைக்குப் பின்னால் அவன் ஒளியவில்லை. முந்தின இரவு தொடை சுளுக்கியதால் நொண்டிக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் நடந்து, ஏழு தரம் தரையில் விழுந்து வணங்குகிறான். “என் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும்” என்று ஏசாவைக் கெஞ்சும்போது எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் ‘பெராகா’. ஆசீர்வாதம் என்பதற்கும் அதே சொல்தான். எதைத் திருடினானோ, அதன் பெயராலேயே கொடுக்கிறான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் என்னை நம்பிச் சொன்னதை நாலு பேர் நடுவில் நான் உளறிவிட்டேன். இரண்டு வருடம் அவரைக் காணாதவன்போல் இருந்தேன். கடைசியில் வழிநெடுகப் பேச்சைத் தயாரித்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

“நான் பேசியது உங்களை நோகடித்திருந்தால்...” என்று தொடங்கினேன்.

“இருந்தாலா?” என்றார்.

தயாரித்த பேச்சு அத்தனையும் அந்த ஒரு சொல்லில் உதிர்ந்துபோனது. யாரிடம், என்ன சொன்னேன் என்பதை முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்தபடியே கேட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டு நச்சரிக்கவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். எதிரே வந்தால் முன்போல் ஒதுங்கிப் போவதில்லை, அவ்வளவுதான்.